சொட்டாத கசிவு

மோட்டார் ஓடுகிறது.
தண்ணீர் ஏறவில்லை.

தரையில் ஈரம் இருந்தால்
கசிவைக் கண்டுபிடித்துவிடலாம்.
இது வேறு மாதிரி.
தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவிலுள்ள குழாய்
ஒரு சொட்டும் வெளியே விடாது;
வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
"ஏர் பிடிக்குதுக்கா" என்றான் எட்வின் போனில்.
"தத்தனேரி பாலம் ஏறிட்டேன், வந்துட்டே இருக்கேன்."
மூன்று நாளாக அவன்
அந்தப் பாலத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறான்.

செல்லூரில் எங்கள் தெருவுக்கு
ஒன்றுவிட்டு ஒருநாள், விடிகாலை நாலரைக்குத் தண்ணீர்.
பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
எல்லாவற்றையும் அளந்து எழுதியிருக்கிறார்கள்:
தரைத்தொட்டி இங்கிட்டு, என் பங்கில்.
மோட்டார் அங்கிட்டு, லோகமணி பங்கில்.
மாடியில் ஆளுக்கொரு டேங்க்.
நடுவில் ஒத்தக்கல் சுவர்.
குழாயைப் பற்றி
ஒரு வரியும் இல்லை.

அவள் என் ஓரகத்தி.
பேச்சு நின்று இரண்டு வருஷம்.
காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வோம்.
வீட்டுக்காரர்கள் இருவரும்
ஒரே வேனில் ஒட்டன்சத்திரம் போய்க் காய் ஏற்றி வருகிறார்கள்;
வழியில் டீ குடிப்பார்களாக இருக்கும்.

மூன்று நாளாக நான்
தொட்டியில் கயிறு போட்டு இறைத்தேன்.
அவள் முக்கு அடிபம்பிலிருந்து
குடம் சுமந்தாள்.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.
கேட்கவில்லை.

முதலில் ஃபுட் வால்வைச் சந்தேகப்பட்டு
தொட்டிக்குள் இறங்கிக் கழற்றினேன்.
ஒரு பல்லிக்குஞ்சு.
எடுத்துப் போட்டு மாட்டினேன்.
பல்லி காரணமில்லை.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தினேன்,
சாமிக்கு அல்ல.
இணைப்பு இணைப்பாகக் காட்டிக்கொண்டே போக வேண்டும்;
புகை எங்கே உள்ளே வளைகிறதோ
அங்கே ஓட்டை.
ஆனால் மோட்டார் ஓடினால்தான் வளையும்.
சுவிட்ச் அங்கிட்டு.

குழாய் போகிற துளை வழியாகச் சொன்னேன்:
"போடுங்க."
சுவரிடம் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
குக்கர் ஒரு விசில் அடித்தது.
பிறகு மோட்டார் உறுமியது.

யூனியனில் புகை நேராக நின்றது.
கப்ளிங்கில் நின்றது.
சுவரை ஒட்டிய எல்போவில்
நூல் போல மெலிந்து
உள்ளே போனது.
ஊசிமுனைக் கீறல்.

"நிறுத்துங்க."
நின்றது.

ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன்.
நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
பசை தடவி, புது எல்போவைச் செருகி,
கால்வாசி திருகி அழுத்தியபோது
குழாய் வழுக்கி அந்தப் பக்கம் போகப் பார்த்தது.
போகவில்லை.
அங்கிட்டு யாரோ கெட்டியாகப் பிடித்திருப்பது
என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.
முப்பது எண்ணினால் போதும்.
நாற்பதில்தான் விட்டேன்.

காய வேண்டும். சாயங்காலம் வரை
வேறு வேலை.
எட்வின் கூப்பிட்டான்.
பாலம் இறங்கிவிட்டானாம்.

மோட்டாரிடம் தண்ணீர் கேட்பதென்றால்
முதலில் அதற்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.
புனல் அங்கிட்டு.
சுமந்து வந்த குடங்களில் ஒன்றை
அவள் சரிக்கிற ஓசை கேட்டது.
நிறுத்தாமல், முழுக்குடம்.
குழாய்க்குள் களக் களக்கென்று
சுவரைத் தாண்டி
என் பக்கம் வந்து நின்றது.

சுவிட்ச்.
முதலில் அதே வெறும் இரைச்சல்.
அப்புறம் சத்தம் கனத்தது,
மூட்டை முதுகில் ஏறிய ஆளின் மூச்சுப் போல.
மேலே காலி டேங்கின் அடியில்
தண்ணீர் விழுந்தது.

ராத்திரி கடை ரசீதைச் சுருட்டித்
துளைக்குள் தள்ளினேன்.
எல்போ, கப்ளிங், பசை, உப்புத்தாள்:
அறுபத்து மூன்று ரூபாய்.
காலையில் அதே துளையில்
மூன்று பத்து ரூபாய்த் தாள்,
மடிப்புக்குள் ஓர் இரண்டு ரூபாய்க் காசு.

எட்டணா கூடுதல்.
லோகமணி கணக்கில் தவறுகிற ஆளில்லை.
எட்டணாவை இந்த ஊரில்
எந்தக் கடையிலும் இப்போது வாங்குவதில்லை.